மீட்டலில் இல்லாத சுரங்கள்

தம்புரா மீட்டுபவரின் வலக்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகம் தந்தியில் படுவதே இல்லை. நடுவிரலின் சதைப்பகுதி பஞ்சமத் தந்தியை மெல்ல வருடி விடுகிறது. அது அடங்கும் முன் ஆள்காட்டி விரல் சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. விரல் படும் இடம் குடத்துக்கு அருகில்கூட இல்லை. தந்தியின் நீளத்தில் ஏறத்தாழ நடுப்பகுதி. தந்திகளின் அதிர்வைப் பற்றிப் படித்த ஒருவரிடம், கருவியின் பெயரைச் சொல்லாமல் இந்த மீட்டும் முறையை மட்டும் விவரித்தால், மழுங்கிய, கனமான, பளபளப்பே இல்லாத ஒலிதான் வரும் என்று உறுதியாகச் சொல்லிவிடுவார். அவர் படித்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனால் நம் காதில் விழுவது வேறு. தம்புராவின் ஒலி மின்னுகிறது. மீட்டிய கணத்தைவிட, மீட்டிச் சற்று நேரம் போன பிறகு இன்னும் அதிகமாக மின்னுகிறது. அந்தப் பளபளப்பு ஒரே நிலையில் நிற்பதும் இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது.

மீட்டலில் இல்லாத ஒன்று ஒலியில் எங்கிருந்து வந்தது?

இரு முனையிலும் கட்டப்பட்ட தந்தி ஒரே சமயத்தில் பல விதமாக அதிர்கிறது. ஒரு கட்டை சுருதிக்குச் சேர்த்த தம்புராவில் மந்தரத் தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 65.4 ஹெர்ட்ஸ். தந்தி முழு நீளத்தில் இப்படி ஆடும்போதே, இரண்டு பாதிகளாகப் பிரிந்து 130.8 ஹெர்ட்ஸிலும், மூன்று பங்குகளாகி 196.2-லும், நான்காகி 261.6-லும், ஐந்தாகி 327-லும் ஆடுகிறது. இவைதான் சீரிசைகள். சங்கீதக் காதுக்கு இந்த எண்கள் புதியவை அல்ல. இரண்டாவது மேல் ஷட்ஜம், மூன்றாவது பஞ்சமம், நான்காவது இன்னும் மேலே ஒரு ஷட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கிறது என்று வித்வான்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அது மந்தரத் தந்தியின் ஐந்தாம் சீரிசை.

எந்தச் சீரிசை எவ்வளவு பலமாக எழும் என்பது தந்தியை எங்கே, எதனால் மீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் தாமஸ் யங் 1800-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விதி சொன்னார். ஒரு சீரிசைக்குத் தந்தியில் எந்தப் புள்ளி அசையாப் புள்ளியோ, அந்தப் புள்ளியில் மீட்டினால் அந்தச் சீரிசை எழாது. நட்டநடுவில் மீட்டினால் இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை வரிசை முழுவதும் காணாமல் போக வேண்டும். மிஞ்சும் ஒற்றைப்படை வரிசையும் விரைவாகத் தேய்கிறது. கூர்மையான பொருளால் மீட்டினாலே ஒன்பதாம் சீரிசையின் வீச்சு முதலாவதில் 81-ல் ஒரு பங்குதான். விரலின் சதை அகலமானது, மென்மையானது. அதனால் மீட்டினால் இன்னும் குறையும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. சாதாரணத் தந்தியில் சீரிசைகள் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த ஆற்றலோடு தன்பாட்டுக்கு ஆடி, தன்பாட்டுக்கு அடங்கும். தொடக்கத்தில் இல்லாதது கடைசி வரை இல்லை. அதிர்வெண் கூடக் கூட, காற்றின் உராய்விலும் தந்தியின் உள் உராய்விலும் ஆற்றல் சீக்கிரம் கரைவதால், மேலே உள்ள சீரிசைகள் முதலில் சாகும். அடிப்படை மட்டும் நீண்ட நேரம் நிற்கும். கிட்டார் தந்தி முதல் கணத்தில் பளீரென்று ஒலித்து, போகப்போக உருண்டு திரண்ட ஒலியாக மாறுவது இதனால்தான்.

தம்புரா இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை என்பதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போன அவர், அலுவலக நேரம் போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். நோபல் பரிசோடு நாம் இணைத்துப் பேசும் ஒளிச்சிதறல் ஆய்வு பின்னால் வந்தது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டிருந்தது ஒலி. வயலினில் வில் இழுக்கும்போது தந்தி எப்படி அசைகிறது என்பதை 1918-ல் பெரிய ஆய்வாக எழுதினார். மிருதங்கத்தின் கருஞ்சாந்து தோலின் அதிர்வுகளைச் சீரிசைகளாக ஒழுங்குபடுத்துவதை 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 1921-ல், வீணை, தம்புரா பற்றிய கட்டுரை. அவருடைய மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். இந்தக் கருவிகளின் ஒலி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். அதன் மையச் செய்தி தெளிவானது: யங்கும் அவருக்குப் பின் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விதிப்படி எழவே கூடாத சீரிசைகள் தம்புராவிலும் வீணையிலும் எழுகின்றன, அதுவும் பலமாக. வீட்டில் தம்புரா இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தந்தியை நட்டநடுவில் மீட்டி, சற்று ஒலிக்க விட்டு, பிறகு அதே நடுப்புள்ளியை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். ஒற்றைப்படைச் சீரிசைகள் எல்லாம் அந்தத் தொடுகையில் அடங்கிவிடும். விதிப்படி நிசப்தம்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் மேல் ஷட்ஜம் கணீரென்று நிற்கும். இரண்டாம் சீரிசையை மீட்டல் தரவில்லை. இடைப்பட்ட நேரத்தில் கருவி உண்டாக்கியது அது.

உண்டாக்கும் இடம் குதிரை. குடத்தின் மேல் பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் அந்தச் சிறு பாலத்தைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். வயலின் குதிரையின் மேல் விளிம்பு மெல்லியது. தந்தி அதன் மேல் ஒரு கோட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும். தம்புராவின் குதிரை அப்படியில்லை. அதன் மேற்பரப்பு அகலமானது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு வளைவு கொண்டது. தந்தி அந்த வளைவைத் தழுவியபடி வந்து, ஓரிடத்தில் அதைவிட்டுப் பிரிந்து நீள்கிறது. தழுவும் அந்த இடத்தில், தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுகிறார்கள். பட்டோ பருத்தியோ, சின்னத் துண்டுதான். இதுதான் ஜீவாளி. நான்கு தந்திகளுக்கும் தனித்தனி நூல். அதைத் தந்தியின் போக்கில் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். நகர்த்த நகர்த்த ஒலி மந்தமாகவே இருக்கும். சட்டென்று ஓரிடத்தில் தந்தி வாய் திறக்கும். இன்னும் ஒரு மயிரிழை தாண்டினால் மறுபடி மூடிக்கொள்ளும், அல்லது கரகரவென்று இரையும்.

அந்த ஒரே இடத்தில் நடப்பது இதுதான். நூல் தந்தியை மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமளவு தூக்கி நிறுத்துகிறது. அதனால் நூலுக்கும் குதிரையின் முன் ஓரத்துக்கும் நடுவே, தந்திக்கு அடியில், ஒரு மெல்லிய இடைவெளி உண்டாகிறது. தந்தி மேலே எழும்போது அதன் முனை நூலில் இருக்கிறது. கீழே இறங்கும்போது குதிரையின் ஓரத்தில் பட்டு, முனை அங்கே மாறிவிடுகிறது. ஒவ்வொரு அதிர்வுச் சுற்றிலும் தந்தியின் நீளம் ஒரு கணம் இம்மியளவு குறைந்து, மீண்டும் கூடுகிறது. மந்தரத் தந்தியில் இந்தத் தொடுகை வினாடிக்கு 65 முறை. தொடுகை மிகச் சுருக்கமானது. சுருக்கமான எந்தத் தட்டலிலும் எல்லா அதிர்வெண்களும் அடங்கியிருக்கும். ஆக ஒவ்வொரு சுற்றிலும் குதிரை தந்தியைத் தட்டி, அடிப்படை அதிர்வில் இருக்கும் ஆற்றலில் கொஞ்சத்தை எடுத்து மேல் சீரிசைகளுக்குப் பங்கிடுகிறது. மொத்த ஆற்றல் கூடவில்லை, குறைந்துகொண்டேதான் போகிறது. கூடுவது மேல் சீரிசைகளின் பங்கு. சாதாரணத் தந்தியில் ஒன்றையொன்று அறியாமல் ஆடிய சீரிசைகளை இந்தக் குதிரை பிணைத்துவிடுகிறது.

பின்னாளில் ராமனுக்குப் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. 1928-ல் அவர் கண்டது, ஒரே நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால் உள்ளே போன ஒளியில் இல்லாத அதிர்வெண்கள் வெளியே வருகின்றன என்பது. இரண்டின் இயக்கமும் முற்றிலும் வேறு. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுத்ததையும் பெற்றதையும் அதிர்வெண் அதிர்வெண்ணாக ஒப்பிட்டு, கணக்கில் வராதது எது என்று தேடும் பழக்கம் அவருக்கு ஒலி ஆய்விலேயே படிந்துவிட்டிருந்தது.

ராமனிடம் அன்று இல்லாத ஒரு கருவி இன்று நம் கைப்பேசியில் இருக்கிறது. ஒலியைக் கால வாரியாகவும் அதிர்வெண் வாரியாகவும் பிரித்துப் படமாக்கும் ஸ்பெக்ட்ரோகிராம். எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கணிதத்தை பிரான்சின் ஜோசப் ஃபூரியே 1822-ல் வெப்பம் பற்றிய நூலில் நிறுவினார். ஆனால் அதை அப்படியே பத்து வினாடித் தம்புரா ஒலிக்குப் பயன்படுத்தினால் பெரிய ஏமாற்றம். எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருந்தது என்று தெரியும். எப்போது இருந்தது என்று தெரியாது. தேரோட்டம் முழுவதையும் கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்து ஒரே படமாக எடுத்தது மாதிரி: நான்கு வீதியிலும் தேர் இருக்கும், எந்த வீதியிலும் தெளிவாக இருக்காது. தம்புராவின் உயிரே மாற்றத்தில் இருப்பதால், மாற்றத்தை அழித்துவிடும் படம் நமக்கு உதவாது.

ஆகவே ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்குகிறார்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், நிறத்தின் அடர்த்தி பலம். 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மனிதப் பேச்சை இப்படிப் படமாக்கும் இயந்திரம் செய்தார்கள். 1965-ல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறைக்குப் பிறகு இது எந்தக் கணினிக்கும் எளிதாகிவிட்டது.

துண்டின் அளவில்தான் சிக்கல். வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலிப்பதிவில் 4,096 மாதிரிகளை ஒரு துண்டாக எடுத்தால், துண்டின் நீளம் வினாடியில் 11-ல் ஒரு பங்கு. அதிர்வெண்ணில் சுமார் 11 ஹெர்ட்ஸ் இடைவெளியில் படிக்கலாம். மந்தரத்தின் சீரிசைகள் 65 ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி நிற்பதால் ஒவ்வொன்றும் தனிக் கோடாகத் தெரியும். துண்டைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால் நேரம் நுணுக்கமாகும். ஆனால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்து, குதிரையின் தொடுகைகள் மட்டும் செங்குத்துக் கீற்றுகளாக எழும். இரண்டையும் ஒருசேர முழுத் துல்லியத்தோடு பார்க்க வழியே இல்லை. கருவியின் குறை அல்ல இது, அலைகளின் இயல்பு. டென்னிஸ் கேபர் 1946-ல் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார். தம்புராவை ஆராய விரும்புபவர்கள் நீண்ட துண்டில் ஒன்று, குறுகிய துண்டில் ஒன்று என்று இரண்டு படங்கள் போட்டுப் பார்ப்பதே நல்லது.

நீண்ட துண்டுப் படத்தை முதலில் எடுப்போம். ஜீவாளி இல்லாமல், குதிரையின் முன் ஓரத்தில் மட்டும் தந்தி அழுந்தும்படி செய்து மீட்டிய ஒலி பாடப்புத்தகம் சொன்னபடியே வருகிறது. மேலே உள்ள கோடுகள் குட்டை, கீழே போகப்போக நீளம். மொத்தத்தில் மேலே குறுகிய முக்கோணம். இப்போது ஜீவாளியைச் சேர்த்து மீட்டிய படம். தொடக்கத்தில் மங்கலாக இருந்த மேல் கோடுகள் வலப்பக்கம் போகப்போக அடர்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் அல்ல. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் உள்ள சீரிசைகள் மட்டும் கொழுத்து நிற்கின்றன. அந்தக் கொழுத்த வட்டாரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்துகொண்டே வருகிறது. இருபதாவதை ஒட்டிய சீரிசைகள் பிரகாசித்து, பிறகு அந்தப் பிரகாசம் பதினைந்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; எண்கள் தந்திக்குத் தந்தி, நூலின் இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு கோடும் இருந்த உயரத்திலேயே இருக்கிறது, சுருதி துளியும் அசையவில்லை. அசைவது வெளிச்சம் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு தம்புரா கேட்கும்போது உள்ளே ஏதோ ஒன்று படிப்படியாக இறங்கி வருவதாகத் தோன்றுகிறதே, அது கற்பனை அல்ல. படத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

வெளிச்சம் ஏன் குறிப்பிட்ட வட்டாரத்தில் குவிகிறது? இதற்கு நல்ல விளக்கம் 1991-ல் பிரான்சிலிருந்து, வலெட், குவெஸ்டா முதலிய ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. உலோகத் தந்திக்குச் சிறிது விறைப்பு உண்டு. விறைப்புள்ள தந்தியில் உயர் அதிர்வெண் அலைகள் தாழ்ந்தவற்றைவிடச் சற்று வேகமாக ஓடும். 90 செ.மீ. நீள மந்தரத் தந்தியில் அடிப்படை அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 118 மீட்டர். குதிரை தட்டியதும் கிளம்பும் அலைக்கொத்தில் உயர் அதிர்வெண்கள் முந்திக்கொண்டு ஓடி, மறுமுனையில் மோதித் திரும்பி, முக்கிய அலை வந்து சேரும் முன்பே குதிரையை அடைகின்றன. முந்தி வரும் இந்தச் சிற்றலை எந்தக் கணத்தில் குதிரையைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து எந்தச் சீரிசைகளுக்கு ஊட்டம் கிடைக்கும் என்பது முடிவாகிறது. நூலுக்கும் குதிரை ஓரத்துக்கும் உள்ள தூரம் அந்தக் கணத்தை நிர்ணயிக்கிறது. தந்தியின் வீச்சு அடங்க அடங்கத் தொடும் நேரம் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே வருவதால் ஊட்டம் பெறும் வட்டாரமும் இடம் மாறுகிறது. ஜீவாளியை மயிரிழை நகர்த்துவதற்கு இத்தனை பலன் இருப்பது இதனால்தான். எந்தச் சூத்திரமும் கைவசம் இல்லாமல், காதை மட்டும் நம்பி இந்த இடத்தைக் கண்டடைந்த கருவி வினைஞர்களை நினைத்தால் எனக்கு ராமன் மேல் உள்ள வியப்புக்குச் சற்றும் குறையாத வியப்பு.

இந்த மேல் சீரிசைகள் அழகுக்கு மட்டும் இல்லை, சுருதி சேர்ப்பதே இவற்றை நம்பித்தான். சாரணியும் அனுசாரணியும் ஒரே ஷட்ஜம். ஒன்று 130.8 ஹெர்ட்ஸ், மற்றது 131 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 0.2 ஹெர்ட்ஸ், அடிப்படையில் கேட்கும் அலைவு ஐந்து வினாடிக்கு ஒரு முறை. அவ்வளவு மெதுவான ஏற்ற இறக்கத்தைக் காது பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். ஆனால் பத்தாம் சீரிசையில் அதே வித்தியாசம் பத்து மடங்காகி 2 ஹெர்ட்ஸ் ஆகிறது. வினாடிக்கு இரண்டு முறை துடிக்கும் அலைவு யார் காதுக்கும் தப்பாது. பஞ்சமத்துக்கும் இதே கதைதான். பஞ்சமத் தந்தி 98.1 ஹெர்ட்ஸில் நின்றால் அதன் இரண்டாம் சீரிசையும் மந்தரத்தின் மூன்றாம் சீரிசையும் 196.2-ல் கச்சிதமாக ஒன்றன் மேல் ஒன்று விழும்; ஆறாவதும் ஒன்பதாவதும் 588.6-ல் விழும், மேலே மேலே இப்படியே. துளி விலகினாலும் இத்தனை இடங்களில் ஒரே நேரத்தில் துடிப்பு கிளம்பும். முறுக்காணியான பிரடையில் கிட்டத்தட்டச் சேர்த்துவிட்டு, தந்தியில் கோத்த மணிக்காயை இம்மி இம்மியாகத் தள்ளுபவர் உண்மையில் கேட்டுக்கொண்டிருப்பது இந்த உயரத்துத் துடிப்புகளைத்தான். ஜீவாளி சரியாக அமையாத தம்புராவைச் சுருதி சேர்ப்பது கடினம் என்று சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

காதின் இன்னொரு திறமையையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் 65 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதில் தம்புரா செயலியைப் போட்டு ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் மந்தரத்தின் முதல் கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். ஆனாலும் மந்தர ஷட்ஜம் நமக்குக் கேட்கிறது. 196, 262, 327 என்று சம இடைவெளியில் நிற்கும் கோடுகளைப் பெற்றுக்கொண்ட மூளை, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான 65-ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. படத்தில் இல்லாதது காதில் இருக்கும், காதில் ஒன்றாக ஒலிப்பது படத்தில் இருபது கோடாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் ஆய்வு நிறைவாகும்.

பதிவு செய்த தம்புரா ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் பெட்டிகளும் செயலிகளும் பயிற்சிக்குப் பெரிய உதவி. தினமும் சாதகம் செய்யும் மாணவருக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனாலும் மேடையில் நிஜத் தம்புரா இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். பழக்கத்துக்காக அல்ல. சற்று அழுத்தி மீட்டினால் வீச்சு கூடுகிறது, தந்தி குதிரையைத் தொடும் கணம் மாறுகிறது, சரியும் வெளிச்சம் வேறு உயரத்தில் தொடங்கி வேறு வேகத்தில் இறங்குகிறது. மெல்ல வருடினால் இன்னொரு பாதை. முந்தைய சுற்றின் அதிர்வு அடங்கும் முன் விரல் திரும்பி வருவதால், மிச்சமிருக்கும் அசைவோடு புதிய மீட்டல் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கில் சேர்கிறது. அரை மணி நேரக் கச்சேரிப் பதிவை ஸ்பெக்ட்ரோகிராமில் விரித்துப் போட்டு, மந்தரத் தந்தியின் மீட்டல்களை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். கோடுகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். சரிவுகளில் இரண்டுகூட ஒன்றுபோல இருக்காது.